அமெரிக்க இலக்கியத்தில் மனநோய்: கூற்றும் கேட்போரும்

ஒரு செய்யுளை ஆராயப் புகுவார் முதற்கண் எழுப்பும் வினா, இது யார் கூற்று என்பது. தொல்காப்பியர் செய்யுளியலில் உறுப்புகளை எண்ணுமிடத்துக் கூற்று என்பதனையும் கேட்போர் என்பதனையும் தனித்தனி உறுப்புகளாக வைத்தார். சொல்வார் இன்னார் என அறிந்தாலன்றிச் சொல்லின் பொருள் முற்றும் விளங்காது; கேட்பார் இன்னார் என அறிந்தாலன்றி அச்சொல் விளைத்த பயன் விளங்காது. அகப்பாட்டுக்கு வகுத்த இம்முறை, பிற நாட்டு இலக்கியத்தை ஆராயவும் நமக்குத் துணை செய்யும்.

அமெரிக்க இலக்கியத்தில் மனநோய் சித்திரிக்கப்பட்ட வரலாற்றை எழுதுவோர் பலர், நோயின் வகையையே பெரிதும் ஆராய்வர். இப்பாத்திரத்துக்கு உற்ற நோய் யாது, அதன் குறிகள் மருத்துவ நூலோடு பொருந்துமா என்பனவே அவர்தம் வினாக்கள். அவை வேண்டுவனவே. ஆயினும் அவற்றினும் முந்தியது ஒன்றுண்டு. நோயாளரைப் பற்றிப் பேசுகின்றவர் யார்? நோயாளரே பேசினால் அச்சொல்லை ஏற்றுக் கேட்டவர் யார்? பித்தர் எனப் பெயர் பெற்ற ஒருவருடைய சொல், அப்பெயர் பெற்ற அந்நொடியே சான்றாகும் தகுதியை இழந்துவிடுகிறது. இழந்த அத்தகுதியை இலக்கியம் எவ்வளவு மீட்டுக் கொடுத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. பித்து, மையல், வெறி முதலிய நம் பழஞ்சொற்கள் நோயை மட்டுமன்றிக் காதலையும் பத்தியையும் குறிப்பன; ஆதலின் ஈண்டு மனநோய் என்னும் சொல்லே ஆளப்பெறும். நோயாளரை அடைத்துவைத்த நிலையங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய அசைலம் என்னும் பெயர் புகலிடம் என்னும் பொருளது. அதனைப் புகலகம் என்போம். பெயருக்கும் நிலைக்கும் இருந்த இடைவெளியை வரலாறே காட்டும்.

1. தொடக்கம்

அமெரிக்காவில் மனநோயாளர்க்கெனவே அமைந்த முதற் பொது மருத்துவமனை 1773இல் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1751இல் நிறுவப்பெற்ற பென்சில்வேனியா மருத்துவமனை பிலடெல்பியாவில் மனநோயாளரையும் ஏற்றது. அங்குப் பணியாற்றிய பெஞ்சமின் ரஷ் என்னும் மருத்துவர் 1812இல் மனநோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இத்துறையில் அமெரிக்கர் எழுதிய முதற் பாடநூல் அதுவே என்பர். குருதியை வடித்தலும், அசையவொண்ணாவாறு நாற்காலியில் பிணித்து வைத்தலும் அவர் கையாண்ட முறைகள். கொடுமை செய்வது அவர் கருத்தன்று. நோயாளரைச் சங்கிலியினின்றும் விடுவித்து மருத்துவத்துக்கு உரியராக்கவே அவர் முயன்றார்.

அதே பிலடெல்பியாவில் பிறந்தவர் சார்லஸ் பிராக்டன் பிரௌன். அவர் 1798இல் வெளியிட்ட வைலாண்ட் என்னும் புதினம், தெய்வத்தின் குரல் கேட்டதாகக் கருதித் தன் மனைவி மக்களைக் கொன்ற ஒருவனைப் பற்றியது. 1781இல் நியூயார்க்குப் பகுதியில் மெய்யாக நிகழ்ந்த ஒரு கொலையை ஒட்டி இது எழுந்தது என்பர் ஆய்வாளர். கதை முழுதும் கொலைஞனின் தங்கை கிளாராவின் கூற்று. கொலைஞன் முறைமன்றத்தில் அளித்த வாக்குமூலம் அதன் இடையே ஓர் ஆவணமாக வைக்கப்பட்டுள்ளது. தன் குரல் வேறிடத்திலிருந்து எழுவதுபோற் செய்யும் வித்தை வல்ல ஒருவனும் கதையில் உண்டு. ஆதலின் கொலைஞன் கேட்டது மயக்கமா, வஞ்சமா என்பது இறுதிவரை ஐயமாகவே நிற்கிறது. அமெரிக்கப் புதினம் தோன்றிய காலத்திலேயே, மனம் திரிந்தவன் சொல் சான்றாகுமா என்னும் வினாவும் உடன் தோன்றிற்று.

2. 1843ஆம் ஆண்டுச் சனவரி

ஒரே திங்களில் ஒரே நகரில் தோன்றிய இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்து வைத்துக் காண்பது இவ்வரலாற்றுக்குப் பெரிதும் பயன்படும். இரண்டும் பாஸ்டன் நகரில் 1843ஆம் ஆண்டுச் சனவரியில் வெளிவந்தவை.

முதலாவது டோரத்தியா டிக்ஸ் அம்மையார் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு எழுதிய விண்ணப்பம். அம்மையார் 1841இல் கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறையில் பெண் கைதிகளுக்குச் சமய பாடம் கற்பிக்கச் சென்றார். அங்கு மனநோயுற்ற பெண்டிர், கடுங்குளிரில் கணப்பு இல்லாத அறைகளில் அடைபட்டிருக்கக் கண்டார். பின்னர் மாநிலமெங்கும் உள்ள சிறைகளையும் வறியோர் விடுதிகளையும் நேரிற் சென்று பார்த்துத் தாம் கண்டவற்றை ஊர்தோறும் குறித்தார். சட்டமன்றத்தில் பெண் பேச இடமில்லாமையின், உறுப்பினராகிய சாமுவேல் கிரிட்லி ஹோ அதனை அவைமுன் வைத்தார். உர்ஸ்டர் நகரில் 1833இல் திறக்கப்பட்டிருந்த மருத்துவமனை அதன் பயனாக விரிவாக்கப்பெற்றது.

இரண்டாவது, ஜேம்ஸ் ரசல் லோவல் நடத்திய பயனீர் என்னும் இதழில் வெளிவந்த எட்கர் ஆலன் போவின் சிறுகதை. காட்டிக்கொடுக்கும் இதயம் எனப் பொருள்படும் பெயருடையது. முதியவர் ஒருவரைக் கொன்று தரைப்பலகையின் கீழ் மறைத்தவன், தான் பித்தன் அல்லன் என்று வாதிடுவதே கதை. கொலையைத் தான் எத்துணை அமைதியாகத் திட்டமிட்டான் என்பதையே தெளிந்த அறிவுக்குச் சான்றாகக் காட்டுகிறான். அவன் சொல்லச் சொல்ல, கேட்போர் உள்ளத்தில் எதிர்மாறான முடிவு வலுப்பெறுகிறது.

இவ்விரண்டையும் ஒப்பிடின் ஓர் உண்மை புலனாகும். டிக்ஸ் அம்மையாரின் விண்ணப்பத்தில் மெய்யான நோயாளர் உளர். ஆனால் அவர்க்காகப் பேசுபவர் பிறர். போவின் கதையில் நோயாளனே பேசுகின்றான். ஆனால் அவன் மெய்யானவன் அல்லன், ஆசிரியர் படைத்த முகமூடி. ஒன்று இரக்கத்தை விளைத்தது. மற்றொன்று அச்சத்தை விளைத்தது. மெய்யான நோயாளரும் அவர்தம் சொந்தக் குரலும் ஒரே எழுத்தில் இணையும் நாள் இன்னும் வரவில்லை.

3. மறுக்கப்பட்ட கூற்று

அவ்விணைப்புக்கு வழிவகுத்தவர் எலிசபெத் பாக்கர்ட் அம்மையார். இலினாய்ஸ் மாநிலத்தில் சமய குருவாயிருந்த அவர் கணவர், சமயக் கொள்கையில் தம்மோடு முரண்பட்ட மனைவியை 1860இல் ஜாக்சன்வில் புகலகத்துக்கு அனுப்பினார். மற்றவரை அடைப்பதற்குரிய பொது விசாரணை, மனைவியரை அடைப்பதற்கு வேண்டுவதன்று என 1851ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களித்திருந்தது. மூன்றாண்டுகள் அங்கிருந்து மீண்டவரைக் கணவர் வீட்டிலும் பூட்டிவைத்தார். அம்மையார் வெளியே சேர்ப்பித்த கடிதம் ஒன்றால் செய்தி அறிந்த அயலார் வழக்குத் தொடுத்தனர். 1864 சனவரியில் காங்கக்கீ நகரில் வழக்கைக் கேட்ட ஜூரிகள், அவர் தெளிந்த மனத்தினர் என ஏழே நிமிடங்களில் தீர்ப்பளித்தனர். அவர்தம் முயற்சியால் 1867இல் இலினாய்ஸ் சட்டம் திருத்தப்பெற்றது. புகலக வாழ்வு பற்றி அவர் எழுதிய நூல்கள் 1868, 1873 முதலிய ஆண்டுகளில் வெளிவந்தன.

பாக்கர்ட் அம்மையாரின் கூற்று வென்றது என்பது மெய். ஆயின் எவ்வாறு வென்றது? அவர் நோயாளர் அல்லர் என முறைமன்றம் முடிவு செய்த பின்னரே வென்றது. நோயில்லாதார் ஒருவர் தவறாக அடைக்கப்பட்டார் என்பதை மக்கள் கேட்டனர். நோயுள்ளவர் சொல்லைக் கேட்க அவர்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை.

நெல்லி பிளை என்னும் செய்தியாளர் 1887இல் எழுதிய நூலும் இத்தகையதே. நோயுற்றவராக நடித்து மருத்துவரை நம்பச் செய்து, நியூயார்க்கின் பிளாக்வெல் தீவுப் புகலகத்தில் அவர் பத்து நாள் தங்கினார். உள்ளே சென்றபின் நடிப்பைக் கைவிட்டு இயல்பாகவே பேசினார். ஆயினும் எவரும் அவரை நலமுடையார் எனக் கொள்ளவில்லை. அவர் எழுதியவற்றால் விசாரணை நடந்தது. புகலகத்துக்குக் கூடுதல் நிதியும் ஒதுக்கப்பட்டது. இங்கும் நாட்டினர் கேட்டது நோயாளர் சொல்லையன்று, நோயாளரிடையே இருந்துவந்த செய்தியாளர் சொல்லையே.

4. மஞ்சள் சுவர்த்தாள்

மெய்யனுபவமும் புனைவும் ஒன்றான முதல் பெரும்படைப்பு, சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் அம்மையாரின் மஞ்சள் சுவர்த்தாள் என்னும் சிறுகதை. 1885இல் மகள் பிறந்தபின் அவர் ஆழ்ந்த மனச்சோர்வுற்றார். 1887இல் பிலடெல்பியாவில் புகழ்பெற்ற மருத்துவர் சைலஸ் வெயர் மிச்செலிடம் சென்றார். மிச்செல் வகுத்தது ஓய்வு மருத்துவம். படுக்கையில் கிடத்தல், மிகுதியாக உண்பித்தல், உடலைப் பிடித்துவிடுதல், அறிவுத் தொழிலை விலக்கல் என்பன அதன் கூறுகள். ஒரு திங்கள் கழித்து வீடு திரும்பும்போது, எழுதுகோலை இனி வாழ்நாள் முழுதும் தொடவேண்டா என்பது அவர்க்குக் கிடைத்த அறிவுரை. அதனைப் பின்பற்றித் தாம் அறிவு திரியும் எல்லைக்கே சென்றதாக அம்மையார் பின்னர் எழுதினார்.

கதை 1892 சனவரியில் நியூ இங்கிலாந்து மாகசீன் இதழில் வந்தது. கதைசொல்லி ஒரு மருத்துவனின் மனைவி. கம்பியிட்ட சாளரங்களையுடைய மாடியறையில் ஓய்வுக்காக வைக்கப்பட்டவள், எழுதக்கூடாதென்னும் தடையை மீறி மறைவில் நாட்குறிப்பு எழுதுகின்றாள். சுவர்த்தாளின் கோலத்துக்குப் பின்னே ஒரு பெண் அடைபட்டிருப்பதாக மெல்ல மெல்லக் காணத் தொடங்குகின்றாள். போவின் கதையில் கொலைஞன் பேச, முன்னிலையில் ஒருவரேனும் இருந்தார். இங்குக் கேட்போர் எவருமிலர், மறைத்துவைத்த தாளே கேட்போர். கணவன் அன்புடையவன், மனைவி பேசும்போதெல்லாம் செவிகொடுப்பதுபோல் தோன்றுகின்றான். ஆனால் அவள் சொல்வதனைத்தும் அவனுக்கு நோயின் குறியே, ஒன்றும் செய்தியன்று. இக்கதையின் துன்பம் இங்கே உள்ளது.

இதனைப் படித்த மிச்செல் தம் மருத்துவத்தை மாற்றிக்கொண்டதாகத் தாம் கேள்வியுற்றமையைக் கில்மன் அம்மையார் 1913இல் குறித்தார். அதனை உறுதிசெய்யும் சான்று கிடைத்திலது என்பர் பிற்கால ஆய்வாளர். கதையைப் பலர் நெடுங்காலம் அச்சுறுத்தும் கதையாகவே படித்துவந்தனர். 1973இல் பெமினிஸ்ட் பிரஸ் அதனைத் தனி நூலாக வெளியிட்ட பின்னரே, அது பெண்ணின் முறையீடாகப் பரவலாகப் படிக்கப்பட்டது. அம்மையார் 1935இலேயே மறைந்தார். கூற்று எழுந்த ஆண்டு 1892. கேட்போர் திரண்ட ஆண்டு 1973. இடையே 81 ஆண்டுகள்.

5. நோயாளரே சான்றாதல்

நான் நோயுற்றிருந்தேன், ஆயினும் நான் சொல்வது மெய் என்று வெளிப்படையாகக் கூறி நாட்டைக் கேட்கச் செய்தவர் கிளிபர்ட் பியர்ஸ். யேல் பல்கலைக்கழகப் பட்டதாரியாகிய அவர் 1900இல் சாளரத்தினின்றும் குதித்து உயிர்பிழைத்தார். 1903 வரை கனெக்டிகட் மாநிலத்தில் மூன்று நிலையங்களில் இருந்தார். அவர் நூல் 1908இல் வெளிவந்தது; மறு ஆண்டே மனநலத்துக்கான தேசியக் குழு அமைந்தது. முன்னவர்போல் அவர் தம் நோயை மறுக்கவில்லை. தம் மயக்கங்களையும் விரித்துரைத்தார், அடியுண்டதையும் விரித்துரைத்தார். ஒன்று பொய்த்தோற்றமாயினும் மற்றொன்று மெய் என்பதை வேறுபிரித்துக் காட்டினார். எனினும் அந்நூலுக்கு வில்லியம் ஜேம்ஸ் என்னும் பேரறிஞரின் கடிதம் முன்னே வேண்டியிருந்தது. நோயாளர் சொல்லுக்கு நலமுடையார் ஒருவர் பிணைநின்றார் என்க.

புனைகதையில் இச்சிக்கலை நுணுகி நோக்கியவர் வில்லியம் பாக்னர். 1930இல் வெளிவந்த அவர் புதினத்தில், இறந்த தாயின் உடலைக் கொண்டுசெல்லும் குடும்பத்தாரும் அயலாருமாகப் பதினைவர் மாறிமாறிப் பேசுகின்றனர். அவருள் மிகுதியாகப் பேசுபவன் டார்ல். வழக்கொன்றுக்கு அஞ்சிய குடும்பத்தார் அவனை ஜாக்சன் நகரப் புகலகத்துக்கு அனுப்புகின்றனர். அதன்பின் அவன் கூற்றாக வரும் இறுதிப் பகுதியில் அவன் தன்னையே படர்க்கையில் வைத்துப் பேசுகின்றான். தன்மை படர்க்கையாகும் இம்மாற்றத்தில், ஒருவன் தன் சொல்லின்மீது கொண்ட உரிமையை இழக்கும் நிலை இலக்கண வடிவிலேயே அமைந்துவிடுகிறது.

1946இல் மேரி ஜேன் வார்டு எழுதிய பாம்புக்குழி என்னும் புதினம், ஆசிரியர் நியூயார்க் மாநில மருத்துவமனை ஒன்றில் இருந்த அனுபவத்தின் அடியாகப் பிறந்தது. கதைத்தலைவியின் நினைவில் நேர்ந்த இடைவெளிகளோடே கதையும் செல்கிறது. 1948இல் அது திரைப்படமாகி மாநில மருத்துவமனைகளின் நிலையை நாடறியச் செய்தது.

டென்னசி வில்லியம்ஸ் இப்பொருளை நாடகமாக்கினார். அவர் தமக்கை ரோஸ் 1943இல் மூளையின் முன்பகுதியில் நரம்பிழைகளை அறுக்கும் அறுவைக்கு உள்ளானார். 1958இல் மேடையேறிய சென்ற கோடையில் திடீரென என்னும் நாடகத்தில், தன் மகனின் இறப்பைப் பற்றி ஓர் இளம்பெண் சொல்லும் செய்தியைப் பொறாத செல்வச் சீமாட்டி, அப்பெண்ணுக்கு அவ்வறுவையைச் செய்யுமாறு மருத்துவரைத் தூண்டுகின்றாள். நோயைத் தீர்த்தல் அன்று அவள் நோக்கம். கூற்றை அறுத்தலே நோக்கம். அப்பெண்ணின் சொல் மெய்யாகவும் இருக்கலாம் என்று மருத்துவர் எண்ணிப்பார்ப்பதோடு நாடகம் முடிகிறது. கேட்போர் ஒருவர் தோன்றிவிட்டார் என்பதே அதன் முடிவு.

கவிதையிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. 1843இல் போவின் கதையை வெளியிட்ட ஜேம்ஸ் ரசல் லோவலின் உடன்பிறந்தார் வழியில் வந்தவர் ராபர்ட் லோவல். பாஸ்டனை அடுத்த மக்லீன் மருத்துவமனையில் தாம் இருந்ததை அவர் 1959இல் வெளியிட்ட தொகுதியில் தம் பெயர் மறையாது பாடினார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற ஆன் செக்ஸ்டன் 1960இல் தம் முதல் தொகுதியை மனநோயிலிருந்து பாதிவழி மீண்ட பயணமாகவே அமைத்தார். உடன் பயின்ற சில்வியா பிளாத், 1953இல் மக்லீனில் இருந்த அனுபவத்தைப் புதினமாக்கி 1963 சனவரியில் இலண்டனில் வேறு பெயரில் வெளியிட்டார். அடுத்த திங்களே உயிர் துறந்தார். அமெரிக்காவில் அந்நூல் 1971இல்தான் வெளிவந்தது. போவின் முகமூடி எழுந்த அதே நகரைச் சூழ்ந்து, ஒரு நூற்றாண்டுக்குப் பின், முகமூடியின்றிப் பேசும் குரல்கள் எழுந்தன.

கென் கீசியின் 1962ஆம் ஆண்டுப் புதினம் இவற்றினும் பெரும்புகழ் பெற்றது. அதில் கதைசொல்வோன் ஊமையும் செவிடுமாக நடிக்கும் நோயாளன். ஆசிரியரோ நோயாளர் அல்லர், மருத்துவமனையில் இரவுப் பணியாளாக இருந்தவர். மருத்துவமனையின் ஆட்சியை அவர் வன்மையாகக் கண்டித்தார். ஆயினும் அங்கு நோய் என்பது பெரும்பாலும் அடக்குமுறையின் உருவகமாகிவிடுகிறது. உருவகமாகிய நோய்க்கு மருந்து வேண்டா. மெய்யான நோய்க்கோ வேண்டும். பிளாத்தின் புதினத்தில் கொடிய மருத்துவமும் உண்டு, உதவிய மருத்துவமும் உண்டு. உள்ளிருந்து பேசுவார்க்கும் வெளியிலிருந்து பேசுவார்க்கும் உள்ள வேற்றுமை இதுவாம்.

6. எழாத குரல்கள்

மேற்கூறிய உள்ளிருந்து பேசினார் அனைவரும் வெள்ளையர், பெரும்பாலும் கற்றவர். கறுப்பின மக்களைப் பற்றியோ எண்ணிக்கையே பொய்யுரைத்தது. 1840ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, வடமாநிலங்களில் விடுதலை பெற்று வாழ்ந்த கறுப்பினத்தாரிடையே மனநோய் மிகுதி எனக் காட்டிற்று. அடிமை முறையை ஆதரித்த ஜான் கால்ஹௌன் அதனைச் சான்றாகக் கொண்டார். எட்வர்டு ஜார்விஸ் என்னும் மாசசூசெட்ஸ் மருத்துவர், கறுப்பினத்தார் ஒருவரும் வாழாத ஊர்களிலும் அவ்வினத்து மனநோயாளர் உள்ளதாகக் கணக்கில் எழுதப்பட்டிருத்தலை எடுத்துக்காட்டினார். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு நோயாகப் பெயரிட்டு எழுதினார். விடுதலை வேட்கையே பித்தெனப்பட்ட இடத்தில் எவர் வாய் திறப்பர்?

1952இல் ரால்ப் எலிசன் எழுதிய புதினத்தில், தொழிற்சாலை விபத்தில் காயமுற்ற கறுப்பின இளைஞனை மருத்துவர் மின்கருவியில் வைத்துச் சோதிக்கின்றனர். அவன் பெயரையே மறக்கச் செய்துவிட்டு அவன் பெயரைக் கேட்கின்றனர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1946இல் திறக்கப்பெற்ற லாபார்க் மனநல மருத்துவ நிலையத்தைப் பற்றியும் எலிசன் கட்டுரை எழுதினார். நோயாளரைக் கேட்கும் முன் அவர் வாழும் தெருவைக் கேட்கவேண்டும் என்பது அதனின்றும் நாம் பெறும் கருத்து.

7. முடிபுரை

1955இல் அமெரிக்க மாநில மனநோய் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,60,000 பேர் இருந்தனர். புதிய மருந்துகளின் வரவு, 1963இல் கென்னடி கையெழுத்திட்ட சமுதாய மனநலச் சட்டம், செலவைக் குறைக்கும் எண்ணம், நூல்களும் படங்களும் ஊட்டிய வெறுப்பு ஆகியவை கூடி அவ்வெண் 1990களின் நடுவில் ஒரு நூறாயிரத்துக்கும் கீழே இறங்கிற்று. புகலகங்கள் மூடப்பட்டன. அவற்றுக்கு ஈடாகத் திட்டமிட்ட ஊர்நிலையங்கள் பல கட்டப்படவேயில்லை. வெளிவந்தாருள் பலர் தெருவில் நின்றனர். இன்று அந்நாட்டின் பெருஞ்சிறைகள் சிலவற்றில் மனநோயாளர் மிகுந்துள்ளனர். 1841இல் டிக்ஸ் அம்மையார் அவர்களைக் கண்ட இடமும் சிறையே.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. நோயாளரைப் பற்றிய கூற்று, நோயாளரைப்போன்ற கூற்று, நோயாளரது கூற்று என அமெரிக்க இலக்கியம் மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளது. ஒவ்வொரு நிலையிலும் கூற்று எழுந்த காலத்துக்கும் கேட்போர் அமைந்த காலத்துக்கும் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியை அளத்தலே வரலாற்றாசிரியர் கடமை. மூன்றாவது, வில்லியம் ஸ்டைரன் 1990இலும், மருத்துவத்துறைப் பேராசிரியர் கே ஜேமிசன் 1995இலும், சட்டப் பேராசிரியர் எலின் சாக்ஸ் 2007இலும் தம் நோயைத் தாமே எழுதினர். அவர்க்குப் பிணைநிற்பார் எவரும் வேண்டியிருக்கவில்லை. இது பெரும் பேறு. ஆயினும் நன்கு எழுத வல்லார் கூற்றே நமக்குக் கிடைக்கிறது. சிறையிலும் தெருவிலும் உள்ளார் நூல் எழுதுவதில்லை. இலக்கியம் இவ்விரு நூற்றாண்டுகளில் பேசக் கற்பித்தது ஒரு சிலரை. கேட்கக் கற்பித்ததோ படிப்பார் அனைவரையும். எழுதாதார் சொல்லையும் அச்செவியோடு கேட்கின்றோமா என்பதே இவ்வரலாறு நம்முன் வைக்கும் வினா.